பழைய டேப்லெட்டுக்குக் கூடுதல் வாரண்டி எடுக்க முடியுமா? வாங்கி 11 நாள்தான் ஆகிறது

மாலைவெயில்:

வணக்கம் நண்பர்களே. 11 நாளுக்கு முன்னால் ஓர் ஐபேட் ஏர் (எம்2 சிப், 11 அங்குலம்) பென்சிலோடு சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மகள் படம் வரைவாள், அவளுக்காகத்தான். விற்றவர் எங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தவர். அவருக்குப் பரிசாக வந்ததாம், ஏற்கனவே ஒன்று இருப்பதால் இது வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். பெட்டி இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது, கீறல் எதுவும் இல்லை. பில் மட்டும் இல்லை. பரிசாக வந்த பொருளுக்குப் பில் கேட்க எனக்கும் அப்போது கூச்சமாக இருந்தது.

இப்போதுதான் பயம் வருகிறது. பிள்ளை கையில் கொடுக்கப் போகிறோம், ஒருமுறை விழுந்தால் போயிற்று. எங்களுக்கு இது பெரிய தொகை, இன்னொரு முறை வாங்க முடியாது. பழைய பொருளுக்குக் கூடுதல் வாரண்டி தருவார்களா? தருவதாக இருந்தால் நிறுவனத்திடமே எடுப்பதா, வெளியில் நிறைய திட்டங்கள் விற்கிறார்களே, அதில் ஒன்றா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருகாணி:

அக்கா, முதலில் ஒரு வேலை செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். அமைப்புகளில் பொது என்பதற்குள் போனால் சீரியல் நம்பர் இருக்கும். அதை ஆப்பிளின் வாரண்டி சரிபார்க்கும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சாதாரண வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று காட்டும். அந்த வாரண்டி ஓர் ஆண்டுக்கு உரியது, பொருளை முதன்முதலில் வாங்கியவர் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பது அங்கே கணக்கில்லை. காட்டும் தேதியிலிருந்து ஓர் ஆண்டு பின்னால் எண்ணினால் அது கடையிலிருந்து வெளியே வந்த நாள் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், ஆப்பிள்கேர் பிளஸ் (விபத்துச் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் ஆப்பிளின் கட்டணத் திட்டம்) எடுக்க நாள் கெடு உண்டு. பெரும்பாலான நாடுகளில் முதல் கொள்முதலிலிருந்து 60 நாள். உங்கள் நாட்டில் எத்தனை என்று ஆப்பிளின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கெடுவுக்குள் இருந்தால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர் என்பது பெரிய தடையாக இருக்காது, ஏனென்றால் திட்டம் ஒட்டிக்கொள்வது சீரியல் நம்பரோடுதான். கெடு தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை.

நான் 9 ஆண்டாக டேப்லெட் பழுது பார்க்கிறேன். இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல் தள்ளிப்போட்டு, கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து உடைந்த திரையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

மாலைவெயில்:

பார்த்தேன் அண்ணா. பின்னால் எண்ணிப் பார்த்தால் கடையில் வாங்கி 46 நாள் ஆகிறது. எங்கள் நாட்டிலும் கெடு 60 நாள்தான். அப்படியானால் 14 நாள் பாக்கி! கை நடுங்குகிறது. பில் இல்லாமல் முடியுமா?

திருகாணி:

மூன்று வழி இருக்கிறது. கருவியிலேயே, அமைப்புகளில் பொது என்பதற்குள் ஆப்பிள்கேர், வாரண்டி என்று ஒரு பகுதி வரும், தகுதி இருந்தால் அங்கேயே வாங்கச் சொல்லிக் காட்டும். இணையத்தில் சீரியல் நம்பரைக் கொடுத்தும் வாங்கலாம், அப்போது தொலைவிலிருந்தே ஒரு பரிசோதனையை ஓட்டிப் பார்ப்பார்கள், உடைந்த பொருளைக் கொண்டுவந்து காப்பு எடுக்கக் கூடாதே, அதற்காக. தொலைபேசியிலோ கடையிலோ எடுத்தால் வாங்கிய பில்லும் கேட்பார்கள்.

ஆனால் பில்லை எப்படியும் தேடிப் பிடியுங்கள். திட்டம் பில் இல்லாமலே கிடைத்துவிட்டாலும் சரி. பின்னாளில் வாங்கிய தேதியைப் பற்றி ஒரு சந்தேகம் கிளம்பினால் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். அவர்கள் பதிவில் உள்ள தேதி தவறாக இருந்தாலும் பில்லைக் காட்டித்தான் திருத்த முடியும். பரிசு கொடுத்தவரிடம் மின்னஞ்சலில் நிச்சயம் இருக்கும். விற்றவரிடம் கேளுங்கள், அவர் பரிசு கொடுத்தவரிடம் கேட்கட்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. விலை எவ்வளவு என்று தெரியக் கூடாது என்று அவர் நினைத்தால் தொகையை மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள், முதலில் நமக்குத் தேவை தேதி, சீரியல் நம்பர், விற்ற கடை. இந்த மூன்றும்.

இன்னொன்று. விற்றவர் தன் கணக்கிலிருந்து முழுவதும் வெளியேறினாரா? அவர் கடவுச்சொல் இல்லாமல் கருவியைப் புதிதாகத் தொடங்க விடாத கணக்குப் பூட்டு இன்னும் அதில் இருந்தால் வாரண்டி எல்லாம் இரண்டாவது கவலை. 2013 முதல் ஐபேடில் அந்தப் பூட்டு இருக்கிறது, ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்பு முதல் அதேபோல ஒன்று வந்தது. அப்புறம் அமைப்புகளின் மேல்பகுதியில் இந்த ஐபேட் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று எதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். பள்ளியோ அலுவலகமோ கொடுத்த கருவி கைமாறி வந்தால் அப்படி இருக்கும்.

தூரத்துவிண்மீன்:

நான் பட்டதையும் சொல்கிறேன், அந்தத் தங்கைக்குப் பயன்படும்.

இது வேறு நிறுவனத்தின் டேப்லெட். தனியாள் ஒருவரிடம் வாங்கினேன். வாரண்டி முடிந்துவிட்டிருந்தது, அதனால் வெளியில் ஒரு திட்டம் எடுத்தேன், இணையத்தில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது, பணத்தைக் கட்டியதும் சான்றிதழ் வந்துவிட்டது, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்து மாதம் கழித்து சார்ஜ் ஏறுவது நின்றுபோனது. கிளெய்ம் போட்டேன். அப்போதுதான் எல்லாக் கேள்வியும் வந்தது. முதல் பில் எங்கே என்றார்கள். விற்றவரிடம் வாங்கி அனுப்பினேன். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் கருவியின் சீரியல் நம்பரும் ஒன்றாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் ஏமாற்றுகிறேன் என்பது போலப் பேசியதுதான் ரொம்ப வலித்தது. இரண்டு வாரம் அலைந்த பிறகு காரணம் தெரிந்தது. விற்றவர் ஒருமுறை வாரண்டியில் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார், அவர்கள் பழுது பார்க்காமல் கருவியையே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிக் கொடுத்த கருவிக்கு வேறு சீரியல் நம்பர். பில்லில் பழைய நம்பர். சர்வீஸ் சீட்டு இருந்திருந்தால் இரண்டையும் இணைத்துக் காட்டியிருக்கலாம், அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். கட்டிய பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது.

அதனால் பில் கிடைத்ததும் அதில் உள்ள சீரியல் நம்பரை ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் சர்வீஸ் சீட்டு இருக்கிறதா என்று அன்றைக்கே கேளுங்கள், ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

ஆற்றோரம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே கேள்விதான், ஆனால் நிலைமை வேறு. என்னுடையது இரண்டு ஆண்டு ஆன ஆண்ட்ராய்டு டேப்லெட், போன மாதம் பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடமிருந்து வாங்கினேன். நிறுவன வாரண்டி முடிந்துவிட்டது. ஓராண்டுக்குக் காப்பு தருவதாக ஒரு வெளித் திட்டம் கண்ணில் படுகிறது. மேலே தூரத்துவிண்மீன் அவர்களின் கதையைப் படித்த பிறகு எடுக்கலாமா என்றே குழப்பமாக இருக்கிறது. அப்பாவுக்காக வாங்கியது, அவர் செய்தி படிக்கவும் காணொளி அழைப்புக்கும் மட்டும் பயன்படுத்துவார்.

திருகாணி:

இதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை தானாகச் செத்துப்போவது, தொடுதிரை தானாக வேலை செய்யாமல் போவது இந்த வகை. கீழே போட்டு உடைப்பதும் தண்ணீர் கொட்டுவதும் விபத்து, அதற்குத் தனிக் காப்பு வேண்டும். நீட்டிப்பு வாரண்டி என்று மட்டும் பெயர் போட்டு விற்பவை பல, முதல் வகையை மட்டும் நீட்டிக்கும். ஆனால் என் மேசைக்கு வரும் பழைய டேப்லெட்டுகளில் பாதிக்கும் மேல் உடைந்த திரை, அடுத்து பேட்டரி, அடுத்து சார்ஜ் போடும் துளை. பலகை தானாகச் சாவது குறைவு. முதல் ஓர் ஆண்டை நல்லபடியாகத் தாண்டிய கருவியில் தயாரிப்புக் குறை திடீரென்று வருவது இன்னும் குறைவு.

பேட்டரி என்றால் பெரும்பாலான வெளித் திட்டங்களில் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் பார்த்த திட்டத்தின் விதிகளில் பேட்டரி, தேய்மானம், முன்பே இருந்த குறை, காத்திருப்புக் காலம் இந்த நான்கு இடங்களையும் தேடிப் படியுங்கள். பழைய பொருளுக்கான திட்டங்களில் பணம் கட்டிய முதல் 30 நாளுக்குக் கிளெய்ம் கிடையாது என்று இருப்பதும் சகஜம். தனியாளிடம் வாங்கிய பொருள் செல்லாது, கடையிலோ பழையதைச் சரிசெய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு விற்பனையாளரிடமோ வாங்கியிருக்க வேண்டும் என்றும் சில இடங்களில் எழுதியிருக்கும். விளம்பரப் பக்கத்தில் இது எதுவும் இருக்காது, விதிகள் என்று சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும், அதில்தான்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. சில டேப்லெட்டுகளுக்குத் தண்ணீர் தாங்கும் தரம் உண்டு, 2023ல் வந்த கேலக்ஸி டேப் எஸ்9 வரிசைக்கு ஐபி68 இருக்கிறது. அதனால் தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியில் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தரம் வேறு, வாரண்டி வேறு. பழைய கருவியை ஒருமுறை திறந்து ஒட்டியிருந்தால் அந்தத் தாங்கும் திறனையும் நம்ப முடியாது.

கணக்குப்பிள்ளை:

ஆற்றோரம், இதை எண்ணில் போட்டுப் பார்ப்போம், மனசு தெளிந்துவிடும். உங்கள் டேப்லெட்டின் இன்றைய மதிப்பை 100 என்று வையுங்கள், நீங்கள் கொடுத்த விலை இல்லை, இன்றைக்கு அதே நிலையில் உள்ள ஒன்றை வாங்க ஆகும் விலை. ஓராண்டுத் திட்டத்துக்கு 22 கேட்கிறார்கள், ஒவ்வொரு கிளெய்முக்கும் நீங்கள் உங்கள் பங்காக 20 கட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். இது உதாரணம்தான், உங்கள் திட்டத்தின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கருவி முழுவதும் போய்விட்டால் உங்களுக்கு மிச்சமாவது 80. 22 கட்டி 80 பெற வேண்டுமென்றால், அந்த ஓராண்டில் அது முழுதாகப் போகும் வாய்ப்பு 27.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேலே. திரை மட்டும் உடைந்து மாற்ற 45 ஆகிறது என்றால் மிச்சம் வெறும் 25, அப்போது வாய்ப்பு 88 விழுக்காடு இருக்க வேண்டும். உங்கள் அப்பா உட்கார்ந்த இடத்தில் செய்தி படிக்கிறார். அவர் கையில் அது உடைய அவ்வளவு வாய்ப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். பல திட்டங்கள் இழப்பைக் கொடுக்கும்போது அன்றைய மதிப்பைத்தான் பார்க்கும், நீங்கள் கட்டுவது மட்டும் குறையாது. எனவே கருவி பழையதாக ஆக ஆகத் திட்டத்தின் பக்கம் கணக்கு சாய்வது குறைகிறது.

மாலைவெயில் அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடையது புதிது, மதிப்பு அதிகம், குழந்தை கையில் இருக்கப் போகிறது, உடைந்தால் மாற்று வாங்க வழியில்லை என்கிறார். தாங்க முடியாத இழப்புக்குக் காப்பு எடுப்பது நியாயம், அங்கே சராசரிக் கணக்கைப் பார்க்கத் தேவையில்லை. தாங்கக்கூடிய இழப்புக்கு எடுப்பதைத்தான் நான் தவிர்க்கச் சொல்வேன்.

திருகாணி:

கணக்குப்பிள்ளை சொன்ன அந்த 45 மாடலுக்கு மாடல் மாறும், எங்கள் வேலையில் இதுதான் முக்கியம். சில டேப்லெட்டுகளில் மேல் கண்ணாடி தனி, உள்ளே படம் காட்டும் பலகை தனி. சாதாரண ஐபேட் வரிசை அப்படித்தான். கண்ணாடி மட்டும் உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றிவிடலாம், செலவு குறைவு. ஐபேட் ஏரில் 2014ல் வந்த ஏர் 2 முதல் இரண்டையும் ஒட்டியே செய்கிறார்கள், புரோ வரிசையும் அதே மாதிரி. பென்சிலால் எழுதும்போது முனைக்கும் கோட்டுக்கும் இடைவெளி தெரியாது, வரைகிறவர்களுக்கு அது அருமையாக இருக்கும். ஆனால் கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்தாலும் முழுத் திரையையும் மாற்ற வேண்டும். மாலைவெயில் அக்கா வாங்கியது ஏர், அதனால்தான் அவரைத் திட்டம் எடுக்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஆற்றோரம், உங்கள் கருவியின் மாடலைச் சொல்லித் திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். அது தெரியாமல் திட்டம் லாபமா நட்டமா என்று முடிவு செய்ய முடியாது.

தூரத்துவிண்மீன்:

ஆற்றோரம் வாங்கியது விற்பனையாளரிடம் என்கிறாரே, அவரிடமே பொறுப்பு இருக்கலாம். பல நாடுகளில் பழைய பொருளைத் தொழிலாக விற்பவரும் குறைக்குப் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/771 எண் வழிகாட்டு ஆணைப்படி விற்பவர் பொறுப்பு இரண்டு ஆண்டு, பழைய பொருளுக்கு அதைக் குறைத்துக்கொள்ள உறுப்பு நாடுகள் அனுமதிக்கலாம், ஆனால் ஓர் ஆண்டுக்குக் கீழே போக முடியாது. தனியாளிடம் வாங்கினால் இது பொருந்தாது, நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். பணம் கட்டித் திட்டம் எடுக்கும் முன் உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டம் இலவசமாகவே என்ன தருகிறது என்று பாருங்கள்.

மாலைவெயில்:

நான்கு நாள் கழித்து வருகிறேன். பரிசு கொடுத்தவர் வெளியூரில் இருந்தார், அதனால் தாமதம். இன்று காலை பில் வந்துவிட்டது! தொகையைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறார், குழந்தை வரைவதற்கு என்றதும் சந்தோஷப்பட்டாராம். தேதி சரியாக இருக்கிறது, இன்றைக்கு 50வது நாள். சீரியல் நம்பரை மகளும் நானும் மாற்றி மாற்றிப் படித்து ஒப்பிட்டோம், ஓர் எழுத்துகூட மாறவில்லை. கணக்குப் பூட்டு இல்லை, நிர்வகிக்கப்படுகிறது என்ற வரியும் இல்லை.

ஒரு சந்தேகம். மாதாமாதம் கட்டுவதா, மொத்தமாகக் கட்டுவதா? மாதாமாதம் என்றால் இப்போதைக்குக் கைக்கு எளிது.

திருகாணி:

ரொம்ப சந்தோஷம் அக்கா. இரண்டிலும் காப்பு ஒன்றுதான், பேட்டரி முதல் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவதும் உண்டு, பென்சிலும் சேரும். விபத்துச் சேதத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சேவைக் கட்டணம் கட்ட வேண்டும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். வேறுபாடு எங்கே வரும் என்றால், நாளை நீங்கள் விற்கும்போது. மொத்தமாகக் கட்டிய திட்டத்தை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம், ஒப்பந்த எண், சீரியல் நம்பர், திட்டம் வாங்கிய ரசீது, புதியவரின் பெயர், முகவரி கொடுத்தால் போதும். மாதாமாதம் கட்டுவதை அப்படி மாற்ற முடியாது. உங்களுக்கு விற்கும் எண்ணம் இல்லை என்றால் கைக்கு எது முடியுமோ அதைச் செய்யுங்கள்.

பழைய ஐபேட் வாங்க நினைத்து இதைப் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன், விற்பவர் ஆப்பிள்கேர் இருக்கிறது என்று சொன்னால் அது மொத்தமாகக் கட்டியதா, மாதக் கட்டணமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். மாதக் கட்டணம் என்றால் அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

ஆற்றோரம்:

நானும் விசாரித்துவிட்டேன். அந்தத் திட்டத்தின் விதிகளில் பேட்டரி கிடையாது, முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது, திரை உடைந்தால் ஆண்டுக்கு ஒருமுறைதான். திரை மாற்றும் செலவு கணக்குப்பிள்ளை போட்டதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. விற்பனையாளர் ஆறு மாதப் பொறுப்பை எழுதித் தரச் சம்மதித்தார், கேட்காமல் இருந்திருந்தால் தந்திருக்க மாட்டார். திட்டத்துக்கு ஆகும் பணத்தில் தடித்த உறையும் திரைக்கு மேல் ஒட்டும் கண்ணாடியும் வாங்கிவிட்டு மீதியை அப்பாவின் டேப்லெட்டுக்கு என்றே தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் அதிலிருந்து எடுப்பேன்.

திருகாணி:

நல்ல முடிவு. உறை போட்ட பிறகு மாதம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். திரை ஓரத்தில் தூக்கினாலோ, மேசையில் வைக்கும்போது ஆடினாலோ பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அப்போது சார்ஜ் போடாமல் நேராகக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள், அழுத்திப் பார்க்கவே கூடாது. உறைக்குள் மறைந்திருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

மாலைவெயில்:

எடுத்துவிட்டேன்! மொத்தமாகவே கட்டினேன். இணையத்தில் பரிசோதனை ஓட்டினார்கள், சில நிமிடத்தில் முடிந்தது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த 14 நாளையும் யோசித்தே கழித்திருப்பேன்.

கணக்குப்பிள்ளை:

ஒப்பந்த எண் மின்னஞ்சலில் வந்ததா? அமைப்புகளில் வாரண்டிப் பகுதியில் முடியும் தேதி மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாலைவெயில்:

வந்துவிட்டது. தேதியும் மாறிவிட்டது. பில், ஒப்பந்தம், பெட்டியில் உள்ள சீரியல் நம்பரின் படம் மூன்றையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். மகள் இன்று மாலைதான் முதன்முதலாக அதில் வரையப் போகிறாள்.